கவிஞர் தமிழ்ஒளியும் அவர் விட்டுச்சென்ற காகிதங்களும்



இளமையிலேயே நம்மைப் பிரிந்த படைப்பாளிகளின் நினைவில் சோழபுரத்தில் நிகழும் இந்த உரைக்குக் கவிஞர் தமிழ்ஒளியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 1924-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர் அவர். நாற்பது வயது முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் காவியங்கள், கவிதைகள், இசை நாடகம், சிறுகதை, சிறுவர் பாடல், இலக்கிய ஆய்வு என்று எழுதிக் குவித்துவிட்டுப் போனார். தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், பாரதிதாசனின் மாணவர், பொதுவுடைமை இயக்கத்துக் கவிஞர். இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, வறுமையில் வாடி நோயில் இறந்தார் என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த முடிவோடு நமக்குப் போதவில்லை.

இளமையில் இறந்த கலைஞனைப் பற்றிப் பேசும்போது அவன் சாவைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அவன் என்ன செய்தான், எதை எழுதினான், எழுதியவை எங்கே போயின என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்படுகின்றன. ஒடுக்கப்பட்டவர்களுக்கு இதில் இரட்டை இழப்பு இருக்கிறது. ஆளும் போகிறான், அவன் எழுதியதும் போகிறது. தமிழ்ஒளியின் எழுத்து அப்படிப் போகாமல் நமக்குக் கிடைத்திருப்பது தானாக நடந்ததல்ல. ஒருவர் அதைக் காப்பாற்றினார். அந்தக் கதையையும் சேர்த்தே இங்கே பேச விரும்புகிறோம்.

ஆடூரும் புதுச்சேரியும்

அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆடூர். அங்கே 1924 செப்டம்பர் 21 அன்று சின்னையா - செங்கேணி அம்மாள் இணையருக்குப் பிறந்தவர் விஜயரங்கம். அவர் வளர்ந்தது புதுச்சேரியில். தமிழ்ஒளி என்ற பெயர் பிறகு வந்தது.

அந்தக் காலத்துப் புதுச்சேரியை நினைவில் கொண்டால்தான் இந்தச் சிறுவனின் உருவாக்கம் புரியும். அது பிரெஞ்சுக்காரர்களின் ஊர். பாரதி 1908 முதல் பத்தாண்டுகள் தங்கி எழுதிய ஊர். பாரதி கிளம்பிப் போய் வெகுநாள் ஆன பிறகும் அவர் பாட்டு அங்கே தங்கியிருந்தது. அந்தப் பாட்டை ஏந்திக்கொண்டு, பிரெஞ்சு அரசுப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர் பாரதிதாசன். ஆலைத் தொழிலாளர்களின் ஊரும் அதுதான். 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசு துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது. ராஜபாளையத்தில் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டதும் அதே 1936-இல்தான். ஆலைச் சங்கை வைத்து நேரம் பார்த்து வளர்ந்த நம் பகுதிக்காரர்களுக்கு, எட்டு மணி நேரம் என்ற சொல்லின் எடையை விளக்கத் தேவையில்லை.

அப்போது விஜயரங்கத்துக்குப் பதினோரு வயது. துப்பாக்கிச் சூடு நடந்த ஊரில், பாட்டு எழுதும் வாத்தியார் இருந்த ஊரில் ஒரு சேரிப் பையன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான். முத்தியால்பேட்டைப் பள்ளியிலும் பிறகு கலவைக் கல்லூரியிலும் படித்தான். தொழிலாளர் இயக்கம், தமிழ் யாப்பு ஆகிய இரண்டுமே அவன் காலெட்டும் தூரத்தில் இருந்தன. பிற்காலத்தில் அவர் எழுதியவற்றில் இந்த இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

மாணவப் பருவத்திலேயே திராவிட இயக்கச் சிந்தனை அவரைப் பற்றிக்கொண்டது. பாரதிதாசனின் பழக்கம் அதற்கு வழி திறந்தது. அவருடைய தூண்டுதலால் தஞ்சைக்கு அருகிலுள்ள கரந்தைத் தமிழ்க் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் அன்றைய தமிழ்ப் புலமையின் பெரிய மையங்களில் ஒன்று. அங்கே படிப்பை முடிக்காமலே வெளியேறினார். ஆனால் இலக்கணமும் பழந்தமிழ் இலக்கியமும் அவர் கையில் ஏறியிருந்தன. அவருடைய அறுசீர், எண்சீர் விருத்தங்களில் தடுமாற்றம் இல்லை. சேரிப் பிள்ளைக்கு யாப்பு வராது என்று நினைத்தவர்களுக்கு அவர் தனியாகப் பதில் எழுத வேண்டியிருக்கவில்லை.

சென்னையில் ஒரு கவிஞனின் பிழைப்பு

1940-களின் நடுவில் சென்னைக்குப் போனார். திராவிடர் கழகம் 1944-இல் சேலத்தில் உருவானது. நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் சின்னச் சின்னப் பத்திரிகைகள் முளைத்தும் மறைந்தும் கொண்டிருந்தன. ‘கவிஞனின் காதல்’, ‘நிலைபெற்ற சிலை’, ‘வீராயி’ என்ற மூன்று காவியங்களும் 1947-ஐ ஒட்டி அடுத்தடுத்து நூலாயின. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது.

அதே காலத்தில் திராவிட இயக்கத்திலிருந்து பொதுவுடைமை இயக்கத்தை நோக்கி நகர்ந்தார். கவிஞர் குயிலனோடு சேர்ந்து ‘முன்னணி’ இதழில் பணியாற்றினார். பிறகு 1954-இல் ‘ஜனயுகம்’ என்ற இதழை நடத்தினார். தமிழ்ஒளி என்ற பெயரோடு வேறு புனைபெயர்களிலும் எழுதினார்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மாணவ நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்றுகூட இல்லை. பாரதிதாசனுக்கு ஆசிரியர் வேலை இருந்தது, 1946-இல் ஓய்வு பெறும்வரை சம்பளம் வந்தது. தமிழ்ஒளி நம்பியிருந்ததோ, நாளை வருமா என்று தெரியாத பத்திரிகைகளை. காகிதக் கடன், அச்சகக் கடன், விற்காத பிரதி, வராத சந்தா என்பதுதான் சிறு பத்திரிகையின் பொருளாதாரம். சொந்த ஊரில் நிலமோ வீடோ உள்ளவர் பத்திரிகை நடத்தி நொடித்தால் ஊர் திரும்பலாம். அவர் திரும்பிப் போய் நிற்க எந்த நிலமும் இல்லை. கவிஞர்கள் வறுமையில் வாடுவார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வறுமையும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. விழும்போது தாங்கிப் பிடிக்கச் சாதி இருப்பவரின் வறுமை வேறு, அது இல்லாதவரின் வறுமை வேறு.

வீராயி

தமிழ்ஒளி எழுதியவற்றில் இங்கே நாம் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது ‘வீராயி’.

காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் ஒருவன் வேண்டும் என்கிறது நம் அணி இலக்கணம். மலை, கடல், நாடு, வளநகர் என்று வருணிக்க வேண்டியவற்றுக்கும் அதில் பட்டியல் உண்டு. அந்த இலக்கணத்தைக் கரந்தையில் படித்த ஓர் இளைஞன், காவியத்தின் நடுவில் ஒரு தாழ்த்தப்பட்ட கூலிப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெயரும் வீராயி. சேரியில் அன்றாடம் கூப்பிடும் பெயர். காவிய நாயகிக்கு வைக்கும் பெயராக யாரும் அதை நினைத்திருக்கவில்லை. வயல் கூலியும் பண்ணையாரின் அதிகாரமும், பஞ்சம் பிழைக்கக் கடல் கடந்துபோகும் தோட்டக் கூலி வாழ்க்கையும், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இளைஞனோடு காதலும், அந்தக் காதலுக்குச் சாதி கொடுக்கும் கொலைத் தண்டனையும் அந்தக் காவியத்தின் பொருள்.

கடல் கடந்து போவது அவர் கற்பனையில் பிறந்ததல்ல. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் ஏறத்தாழ 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் வழியாகப் போனவர்கள் இன்னும் பல மடங்கு. போனவர்களில் சேரி மக்கள் ஏராளம். ஊரில் பண்ணையாரின் சவுக்கு, தோட்டத்தில் துரையின் பிரம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பொருளைத் தமிழ் உரைநடை ஏற்கெனவே தொட்டிருந்தது. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935-இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமைச் சேரியிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. பெரிய கதை, துணிச்சலான கதை. அது வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அந்தச் சேரியிலேயே பிறந்த ஒருவர் அதே பொருளைச் செய்யுளில் எழுதினார். மருதியைப் பார்த்து இரக்கப்படும் கண்ணைப் புதுமைப்பித்தன் நமக்குத் தந்தார். வீராயியின் பக்கத்தில் நின்று அவளோடு பார்க்கும் கண்ணைத் தமிழ்ஒளி தந்தார். இந்த வேறுபாட்டைத்தான் பிற்காலத்தில் தலித் இலக்கியம் தன் அடிப்படையாகச் சொன்னது.

சாதி கடந்த காதலுக்குக் கொலை என்ற முடிவை 1947-இல் எழுதியபோது, அது மிகை என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். 2003 ஜூலையில் விருத்தாசலத்தை அடுத்த குப்பநத்தத்தில் முருகேசனும் கண்ணகியும் காதிலும் மூக்கிலும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். முருகேசன் தலித், கண்ணகி வன்னியர் சாதியைச் சேர்ந்தவர். கடலூர் நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனை அறிவிக்க 2021 செப்டம்பர் ஆனது. தமிழ்ஒளி பிறந்த ஆடூரும் அந்தக் குப்பநத்தமும் இன்று ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. வீராயி அச்சேறி ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து அந்த மண்ணிலேயே நடந்தது இது. ‘ஆணவக் கொலை’ என்ற சொல் தமிழில் புழங்குவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தக் கொலையைப் பெயர் சொல்லி எழுதியவர் தமிழ்ஒளி. வீராயியைப் பாடத்தில் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மே தினமும் சேரியும்

சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் நடத்தி இந்தியாவில் மே நாளைத் தொடங்கிவைத்தார். அந்த நாளுக்குத் தமிழில் நிலைத்த பாட்டைத் தந்தவர் தமிழ்ஒளி. ‘மே தினமே வருக’ என்பது அந்தப் பாட்டு. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. தலைவர்கள் தலைமறைவாக இருந்தார்கள் அல்லது சிறையில் இருந்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் கொல்லப்பட்டார்கள். செங்கொடி என்று எழுதுவதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் அவர் எழுதினார்.

தஞ்சையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி. சீனிவாசராவும் மற்றத் தோழர்களும் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரி மக்கள். வர்க்கப் போராட்டமும் சாதி எதிர்ப்பும் அந்த வயலில் ஒன்றாகவே நடந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தது பிற்காலத்து விவாதம். தமிழ்ஒளியின் கவிதையிலும் அந்தப் பிரிவினை இல்லை. தொழிலாளி என்று எழுதும்போது அவர் மனத்தில் இருப்பவன் யார் என்பதற்கு வீராயியே சாட்சி.

இதே காலத்தில் மராத்தியில் ஒருவர் இப்படி இருந்தார். அண்ணாபாவு சாதே 1920-இல் பிறந்தவர், மாங் சாதியைச் சேர்ந்தவர், பம்பாய்க்கு வந்து கம்யூனிஸ்ட் இயக்கத்தில் பாடகராகவும் எழுத்தாளராகவும் ஆனவர். ‘பக்கீரா’ நாவலை எழுதியவர். 1958-இல் பம்பாயில் நடந்த தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்துப் பேசியவர். அவரும் ஐம்பது வயதைத் தொடாமல் 1969-இல் வறுமையில் இறந்தார். இன்று மகாராஷ்டிரத்தில் அவருக்குச் சிலைகள் இருக்கின்றன. தமிழ்ஒளியையும் அண்ணாபாவுவையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர், தலித் - பொதுவுடைமை உறவின் வரலாற்றை இரு மொழிகளில் ஒரே நேரத்தில் படிப்பார். அப்படி ஓர் ஆய்வேடு நம் பகுதியிலிருந்து வரட்டும்.

மாதவியும் புத்தரும்

பிற்காலத்தில் அவர் கவனம் சிலப்பதிகாரத்தின் பக்கம் திரும்பியது. ‘சிலப்பதிகாரம் காவியமா? நாடகமா?’ என்று ஆய்வு நூல் எழுதினார். ‘விதியோ? வீணையோ?’ என்ற இசை நாடகம் 1961-இல் வந்தது. ‘மாதவி காவியம்’ எழுதினார். சிலப்பதிகாரத்தைத் தமிழ்த் தேசியத்தின் கொடியாக எல்லோரும் ஏந்திய காலம் அது. கண்ணகிக்கு மேடை, கண்ணகிக்குச் சிலை. அவர் மாதவியை எடுத்தார். பிறப்பால் கணிகையர் குலம் என்று ஒதுக்கப்பட்டவள், ஆடலையும் பாடலையும் கற்றவள், தான் நேசித்தவனாலேயே பிறப்பைச் சொல்லிச் சந்தேகிக்கப்பட்டவள். வீராயியிலிருந்து மாதவிக்குப் போகும் பாதை நேரானது.

மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி போய்ச் சேரும் இடம் பௌத்த சங்கம். தமிழ்ஒளியும் ‘புத்தர் பிறந்தார்’ என்று ஒரு காவியம் தொடங்கினார். அது முழுமை பெறாமல் நின்றுவிட்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். தமிழ் நிலத்தில் ஒடுக்கப்பட்டோர் பௌத்தத்தை நோக்கி நடந்த நெடும்பாதையில் இந்த முற்றுப்பெறாத காவியத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கவிஞனின் வாழ்நாள் பத்தாண்டு குறைந்தால் என்ன இழக்கிறோம் என்பதற்கு இது போன்ற பாதி நூல்தான் அளவுகோல். முடிந்த நூல்களை வைத்து அதை அளக்க முடியாது.

மறைவும் மீட்பும்

1964 ஏப்ரல் 21 அன்று பாரதிதாசன் தம் எழுபத்து மூன்றாம் வயதில் காலமானார். ஓராண்டு நிறைவதற்குள், 1965 மார்ச் மாதத்தில் மாணவரும் போய்விட்டார். தமிழ்நாடு அப்போது இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கொதிப்பிலிருந்து இன்னும் ஆறவில்லை. அந்தப் பரபரப்பின் நடுவே, நோயுற்ற ஒரு கவிஞரின் இறப்பு பெரிய செய்தியாகவில்லை.

அவர் விட்டுச்சென்ற சொத்து, அச்சான சில நூல்களும் அச்சாகாத கையெழுத்துப் படிகளும் இதழ்களில் சிதறிக்கிடந்த கவிதைகளும்தான். இவற்றைத் தேடிச் சேர்த்தவர் அவருடைய நண்பர் செ.து. சஞ்சீவி. தமிழ்ஒளி மறைந்த அடுத்த ஆண்டில், 1966-இல், ‘கண்ணப்பன் கிளிகள்’, ‘கோசலக் குமரி’ ஆகியவை நூலாக வெளிவந்தன. ‘மாதவி காவியம்’ அச்சேறியது 1995-இல். கவிஞர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து! முப்பது ஆண்டுகள் ஒரு கையெழுத்துப் படி ஈரம் படாமல், கறையான் அரிக்காமல், வீடு மாறும்போது தொலையாமல், பழைய காகிதக் கடைக்குப் போகாமல் இருந்திருக்கிறது என்றால், அதை நாள்தோறும் நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார் என்று பொருள். தமிழ்ஒளியைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் சஞ்சீவியின் பெயரைச் சொல்லாமல் இறங்கக் கூடாது.

இளமையில் மறைந்த மற்றக் கவிஞர்களோடு ஒப்பிட்டால் இந்த உழைப்பின் அருமை இன்னும் தெளிவாகும். பாரதி 1921-இல் 38 வயதில் இறந்தார். அவர் எழுத்தைக் குடும்பத்தாரும் அன்பர்களும் பதிப்பித்தார்கள். பதிப்புரிமையை 1949-இல் அரசே எடுத்துக்கொண்டது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் 29 வயதில் இறந்தார். அவரும் பாரதிதாசனிடம் பழகியவர், பொதுவுடைமை இயக்கத்துக்காரர். அவருடைய வரிகளைத் திரைப்படமும் இசைத்தட்டும் வானொலியும் வீடுவீடாகக் கொண்டுபோய்விட்டன. வங்கத்தில் சுகாந்த பட்டாச்சார்யா 1947-இல் இருபது வயதில் காசநோயால் இறந்தார். அவருடைய கவிதைகளுக்குச் சலில் சௌதுரி இசையமைத்தார், இன்றும் வங்காளிகள் பாடுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஓர் ஏற்பாடு இருந்தது. குடும்பம், அரசு, திரை, இசை என்று ஏதோ ஒன்று. தமிழ்ஒளிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு ஒரு நண்பரின் விடாப்பிடி மட்டும்தான்.

தலித் இலக்கிய வரலாற்றில் அவர் இடம்

தமிழில் தலித் இலக்கியம் என்ற பெயரோடு ஓர் அலை எழுந்தது அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989-இல் வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. பாமா இந்த மேற்கு மலையடிவாரத்துக்காரர், வத்திராயிருப்பை ஒட்டிய புதுப்பட்டியில் பிறந்தவர். நம் பேச்சும் நம் தெருவும் அப்படியே அச்சில் வந்ததைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் வாயடைத்துப்போனார்கள்.

அந்த அலையில் தமிழ்ஒளியின் பெயர் உடனே மேலே வரவில்லை. காரணங்கள் உண்டு. அவர் செய்யுளில் எழுதியவர், புதிய இலக்கியமோ உரைநடையிலும் வழக்கு மொழியிலும் தன்னைக் கண்டுகொண்டது. அவர் பொதுவுடைமைக் கவிஞர் என்றே அறியப்பட்டிருந்தார். அந்த முகாம் அவரைத் தன் கவிஞர் என்று சொன்னது, ஆனால் அவர் பிறந்த சேரியைப் பற்றி அதிகம் பேசவில்லை. திராவிட இயக்கம் அவரைப் பாரதிதாசன் பரம்பரையின் ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்ந்தது. மூன்று இயக்கங்களும் அவரில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டன. முழு மனிதர் யாரிடமும் இல்லை.

அவர் தம்மைத் தலித் கவிஞர் என்று அழைத்துக்கொள்ளவில்லையே என்று மாணவர்கள் கேட்பது உண்டு. அந்தச் சொல் தமிழில் இலக்கியப் பெயராகப் புழங்காத காலத்தில் வாழ்ந்து மறைந்தவர் அவர். பெயரைத் தேடிப் போனால் ஏமாறுவோம். யாரைக் காவியத் தலைவி ஆக்கினார், யார் கொலைக்கு நீதி கேட்டார், எந்த அறத்தை நோக்கி நடந்தார் என்று தேடினால் விடை கிடைக்கும். அதே நேரத்தில் அவரை நம் முகாமுக்கு மட்டும் உரியவராகப் பூட்டி வைப்பதும் நமக்கு வேண்டாம். மே நாள் ஊர்வலத்தில் அவர் பாட்டு கேட்கட்டும். தமிழ் வகுப்பறையில் அவர் விருத்தம் ஒலிக்கட்டும். அங்கெல்லாம் அவர் யார் பிள்ளை என்பதும் சேர்த்துச் சொல்லப்படட்டும். 2024 செப்டம்பரில் அவருக்கு நூறு வயது நிறைந்தது. அந்த நூற்றாண்டு கூட்டங்களோடு முடிந்துவிடக் கூடாது.

நம் தெருவில் இருக்கும் நோட்டுகள்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கவிஞர்களின் ஊர் என்று பெயர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய பாடல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கோயிலில் ஒலிக்கின்றன. தினமும் பாட ஆள் இருந்தது, ஓலையைப் பேண மடம் இருந்தது, மானியம் இருந்தது. அதனால் அவை நிலைத்தன. அதே வட்டாரத்தில் நாற்று நடும்போது பாடப்பட்ட பாட்டு, சாவு வீட்டில் பாடப்பட்ட ஒப்பாரி, பறையடித்து ஆடிய கூத்து ஆகியவற்றில் எத்தனை நம் கையில் இருக்கின்றன? பாடியவர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. பேணும் ஏற்பாடு இல்லை.

இங்கிருந்து சிறிது தூரத்தில் சிவகாசி இருக்கிறது. நாடு முழுவதற்கும் காலண்டரும் நோட்டும் அச்சிட்டு அனுப்பும் ஊர். அந்த அச்சகங்களில் நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்கள் கட்டிய நோட்டில் அவர்களே கவிதை எழுதிவைத்திருப்பார்கள். ஆலையில் இரவுப் பணி முடித்து வந்து நாடகம் எழுதியவர் இருப்பார். சுவரில் அம்பேத்கர் படம் வரைந்தவர், ஊர்த் திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டியவர், கைப்பேசியில் குறும்படம் எடுத்தவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் விபத்திலோ நோயிலோ சாதிக் கொடுமையிலோ இளவயதில் போய்விட்டால், மூன்றாம் நாள் சுவரொட்டி ஒட்டுகிறோம், ஆண்டு நினைவுக்குப் படம் வைத்து மாலை போடுகிறோம். அவருடைய நோட்டு எங்கே என்று கேட்பதில்லை. வீட்டைச் சுத்தம் செய்யும்போது அது பழைய பேப்பரோடு எடைக்குப் போகிறது. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் எது தாக்குப்பிடிக்கும்?

ஆகவே இந்த நினைவுரையின் முடிவில் மாணவர்களிடமும் களத் தோழர்களிடமும் சில வேலைகளை ஒப்படைக்கிறோம்.

ஒரு படைப்பாளி மறைந்தால், துக்கம் ஆறியபின் அவர் தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் அனுமதி கேட்டு, எழுத்து, படம், கடிதம், ஒலிப்பதிவு என்று இருப்பவை எல்லாவற்றுக்கும் பட்டியல் எடுங்கள். மூலத்தை வீட்டிலேயே விட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் அது போனதற்குச் சமம். எதை எப்போது எழுதினார் என்று அருகில் இருந்தவர்களிடம் கேட்டுத் தேதியோடு குறியுங்கள். பத்தாண்டு போனால் சொல்ல ஆள் இருக்காது. எழுத்தை நல்லதாக்குகிறோம் என்று திருத்தாதீர்கள். எழுத்துப்பிழை உட்பட அவர் எழுதியபடியே இருக்கட்டும். வெளியிடுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும்தான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. ஒருவர் தொடங்கினால் நிறுவனம் பிறகு வரும்.

தமிழ்ஒளியைக் காப்பாற்ற அன்று யாருக்கும் இயலாமல் போயிற்று. அவர் எழுத்தைக் காப்பாற்ற ஒருவருக்கு இயன்றது. வாழும் இளம் படைப்பாளிக்கு வேலையும் மருத்துவமும் தங்க இடமும் கிடைக்கப் போராடுவது நம் முதல் கடமை. அதில் எந்தச் சமரசமும் இல்லை. அதையும் மீறி ஒருவர் போய்விட்டால், அவர் எழுதிய கடைசித் துண்டுக் காகிதம்வரை நம் பொறுப்பு. இந்தக் கூட்டம் கலைந்து வீடு போகும்போது, உங்கள் தெருவில் அப்படிப் போன ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை காலை அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

ஜெய்பீம்.